மைக் அடைக்கலத்தின் மார்கழி

கார்த்திகை 18, வியாழன்

நான் சொல்கிறேன், மருமகள் பூங்கோதை எழுதுகிறாள். எனக்கு எழுத்துத் தெரியாது. எங்கே கையெழுத்துக் கேட்டாலும் கட்டைவிரல்தான். டவுன் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மாவின் உத்தரவு இது. தினமும் நடந்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், யாராவது தேதி போட்டு எழுத வேண்டும், மாதம் ஒருமுறை அவருக்குக் காட்ட வேண்டும்.

ஐப்பசியில் எனக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. கையும் காலும் திரும்பி வந்துவிட்டன. பேச்சும் வந்துவிட்டது. வராதது சாமான்களின் பெயர் மட்டும்தான். கண்ணுக்கு எதிரே இருக்கும், எதற்கு என்று தெரியும், வாங்கிய கடைகூட ஞாபகம் இருக்கும். பெயர் மட்டும் வாய்க்கு வராது. இப்போது நான் உட்கார்ந்திருப்பதை, "நாலு கால், முதுகு சாஞ்சுக்கலாம்" என்று சொன்னேன். பூங்கோதை 'நாற்காலி' என்று எழுதிக்கொண்டாள். இப்படி அவளே பெயரைப் போட்டு, என் பேச்சைப் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள். படிக்கிறவர்களுக்கு என் அவஸ்தை தெரியாது. மற்றவர்கள் பேசுவதை மட்டும் அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

தை நாலாம் தேதி எங்கள் மருதங்குளம் ஜல்லிக்கட்டு. வாடிவாசலுக்கு மேலே பரண் கட்டி மைக் பிடிப்பவன் நான். முப்பத்தைந்து வருஷமாக வேறு ஒருவன் அந்தப் பரணில் ஏறியது கிடையாது. இந்த வருஷமும் ஏற விடமாட்டேன்.

கார்த்திகை 19, வெள்ளி

மழை. இட்லி. போதும், எழுதினது போதும்.

கார்த்திகை 22, திங்கள்

மாடுகளின் பெயர் என்னை விட்டுப் போகவில்லை. இன்றைக்குச் சோதித்துப் பார்த்தேன். பெரும்புயல் அடித்த வருஷம் காரையூர்க்காரர் மயிலைக் காளை வாடிவாசலில் இருந்து வெளியே வராமல் ஒரு பீடி பிடிக்கிற நேரம் நின்று முறைத்தது. பிறகு வந்தது. வந்த வேகத்தில் எட்டுப் பேர் தரையில். கொம்பின் இடது நுனி உள்ளே வளைந்திருக்கும். மாட்டுக்காரர் மச்சினனுக்குத்தான் அன்றைக்குப் பல் போனது. எல்லாம் அப்படியே இருக்கிறது.

ஆனால் குளித்துவிட்டு வந்து தலை துவட்டுவதைக் கேட்க, "அது... அது..." என்று ஈரத்தோடு நின்றேன். பூங்கோதை துண்டை எடுத்துக் கையில் கொடுத்தாள். "மாமா, கை நீட்டுங்க, பேரெல்லாம் அப்புறம்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. சரி, கொஞ்சம் அவள் மேலும்தான்.

இவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒண்ணாப்பு, ரெண்டாப்பு டீச்சர். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். சாயங்காலம் வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகையில் பிள்ளைகளை உட்கார வைத்து இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறாள். பட அட்டையைத் தூக்கிப் பிடிப்பாள். பிள்ளைகள், "பக்கெட் மீன்ஸ் வாளீ" என்று ராகம் போடுவார்கள். அட்டையை மாற்றிக் காட்டினால் ஒருத்தருக்கும் வாய் திறக்காது. ராகம் இருந்தால்தான் வார்த்தை வருமாம். என்னைவிட மோசம்.

கார்த்திகை 28, ஞாயிறு

ஊர்க் கூட்டம் நடந்தது. விழாக் கமிட்டித் தலைவர் சோலையப்பன் அம்பலம். அவர் பேச்சுதான் ஊருக்கு முடிவு. எனக்குச் சின்னவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் ஊர் ஜல்லிக்கட்டில் மாடு வெளியே வருவதற்கு முன்னால் மூன்றைச் சொல்லியாக வேண்டும். மாடு யாருடையது, அதற்கு என்ன பரிசு, யார் கொடுத்தது. பிடித்தால் பிடித்தவனுக்கு, பிடிபடாவிட்டால் மாட்டுக்காரருக்கு. பரிசு கொடுத்தவர் கூட்டத்தில் வேட்டியைச் சரி செய்துகொண்டு காத்திருப்பார். தன் பெயரையும் தான் கொடுத்த சாமானையும் ஊர் கேட்க வேண்டும் என்பதற்குத்தான் அவர் கொடுப்பதே.

அம்பலம், "அண்ணே, சும்மா ஒண்ணே ஒண்ணு சொல்லிக் காட்டுங்க. ரைஸ்மில் சுப்பையா கட்டில் குடுத்திருக்காரு. அதைச் சொல்லுங்க" என்றார்.

எழுந்தேன். தொண்டையைச் செருமினேன். குரல் அந்தப் பழைய குரல்தான், மந்தைத் திடல் முழுக்கக் கேட்டது.

"மாட்டைப் பிடிச்சா, ரைஸ்மில் சுப்பையா வழங்கும் ஒரு குடம்!"

கூட்டம் சிரித்தது. நான் கட்டில் என்றுதான் சொன்னதாக நினைத்தேன். மறுபடி சொன்னேன். மறுபடியும் குடம்தான் வந்தது.

சுப்பையா எழுந்துவிட்டார். "ஏப்பா, தேக்குக் கட்டில்ப்பா. டவுன்ல இருந்து லாரில வந்துச்சு. குடம்ங்கிறாரு. ஜல்லிக்கட்டு அன்னைக்கு ஊர் முன்னாடி இப்படிச் சொன்னா நான் எங்கிட்டுப் போயி மூஞ்சிய வச்சுக்கிர்றது?"

"பெருசுக்கு உடம்பு சரியில்லப்பா, விடு" என்றார் ஒருவர். அந்த 'விடு'தான் எனக்குச் சுட்டது.

அம்பலம் என் தோளில் கை வைத்தார். "அண்ணே, இந்த வருஷம் மேடையில முதல் நாற்காலி உங்களுக்கு. மாலையும் உங்களுக்குத்தான். மைக்குக்கு மதுரப் பக்கமிருந்து தினகரன்னு ஒரு பையன். நல்லாப் பேசுவானாம்."

வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியில் காற்றில் மண் அதிகம், கண்ணில் பட்டுவிட்டது. பூங்கோதை வேறு எதுவோ எழுதுகிறாள். மண் என்றுதான் சொன்னேன், மண் என்றே எழுது.

கார்த்திகை 29, திங்கள்

எழுத வேண்டாம் என்றேன். எழுதுகிறாள்.

மார்கழி 3, வியாழன்

இன்றைக்கு நடந்ததைப் பெரிதாக எழுத வேண்டியதில்லை என்றேன். பூங்கோதை புதுப் பக்கம் திருப்பிவிட்டாள்.

சாயங்காலம் எனக்குத் தாகம். கொட்டகையில் பாடம் நடக்கிறது. அடுப்படிக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம்தான். கொட்டகையில் நிழல் நன்றாக இருந்ததால் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் விஷயம். பூங்கோதையிடம் கேட்கப் பார்த்தேன், சொம்பு என்ற வார்த்தை வரவில்லை. கூட்டத்தில் வாயில் ஏறிய குடம் இன்னும் இறங்காமல் நின்றது. அதைச் சொல்லவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றி வந்தேன்.

"வயிறு பெருத்தவன். கழுத்துக் குட்டை. கை கிடையாது. நாம தூக்கினாத்தான் தண்ணி குடுப்பான். பித்தளையில நம்ம வீட்டுல ஒருத்தன் இருக்கான்."

"பாட்!" என்று ஒரு சத்தம்.

கனிஷ்கா என்று ரெண்டாப்புப் பிள்ளை. இரட்டைச் சடை, ஒரு முன்பல் கிடையாது. அது கத்தியதும் என் வாயில் இருந்து, யாரோ பின்னால் இருந்து தள்ளியது மாதிரி, "ஆமா, சொம்பு!" என்று வந்து விழுந்தது.

பூங்கோதை சாக்பீஸ் பிடித்த கையை இறக்கவில்லை. "மாமா, இன்னொண்ணு சொல்லுங்க" என்றாள்.

"தண்ணி குடு தாயி முதல்ல."

"ஒண்ணே ஒண்ணு மாமா."

மேலே பார்த்தேன். "மூணு கை. சுத்திக்கிட்டே இருப்பான். எவ்வளவு ஓடினாலும் இருந்த எடத்தை விட்டு நகர மாட்டான்."

"ஃபேன்!" என்று கொட்டகை முழுக்கக் கத்தியது. அட்டையைக் காட்டினால் ஊமையாக உட்காருகிற பிள்ளைகள். நானும், "ஆமா, மின்விசிறி" என்றேன். ஐப்பசிக்குப் பிறகு அந்த வார்த்தை இன்றைக்குத்தான் வந்தது.

தண்ணீரை அப்புறம் நானே போய்க் குடித்தேன்.

மார்கழி 4, வெள்ளி

தினமும் கொட்டகைக்கு வர வேண்டுமாம். "நான் என்ன குரங்காட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. குரங்காட்டிக்குப் பேரெல்லாம் கரெக்டா வரும்" என்றாள்.

இப்படி ஒரு மருமகள். போனேன்.

மார்கழி 10, வியாழன்

பள்ளிக்கூடம் அரைப்பரீட்சை லீவு. அதனால் காலையிலேயே கொட்டகை நிறைந்துவிடுகிறது. முதலில் நாலைந்து பேர் வந்தார்கள். இப்போது செருப்பு விட இடமில்லை.

ஒரு வார்த்தையை விளக்குவது மாட்டைப் பற்றி மைக்கில் சொல்வதை விடக் கஷ்டம் என்று இன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பூங்கோதை மேசைப் படத்தை எனக்கு மட்டும் காட்டினாள். நான் சொன்னேன்: "நாலு கால். சும்மா நிக்கும். முதுகுல சாமான் ஏத்தி வைக்கலாம்."

"டாங்கி!" என்றார்கள் எல்லாரும்.

"கழுதைன்னு யாருடா சொன்னது?"

"நாலு காலு, முதுகுல சாமான். நீங்கதானே தாத்தா சொன்னீங்க" என்றது கனிஷ்கா. இடுப்பில் கை வேறு.

"அது... திங்காது. கத்தாது."

"அப்ப உடம்பு சரியில்லாத டாங்கி."

கொட்டகை அதிர்ந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குக் கூட்டத்தில் சிரித்தார்களே, அந்தச் சிரிப்பு வேறு, இது வேறு. இதில் நானும் இருந்தேன்.

பூங்கோதை அப்புறம் தனியாகச் சொன்னாள். "மாமா, நீங்க விடுகதை போடுறீங்க. விடுகதைன்னா கேக்குறவன் தோக்கணும். இதுல கேக்குறவன் ஜெயிக்கணும். சின்னப் பிள்ளைக்கு ஒரு சாமான் எப்படி இருக்கும், எங்க இருக்கும், அதை வச்சு அது என்ன பண்ணும்னு சொன்னாப் போதும். பிள்ளை கையால தொட்டதைச் சொல்லுங்க."

மறுபடி மேசை. "மரத்துல செஞ்சது. டீச்சருக்கு முன்னாடி நிக்கும். நீ பரீட்சை நோட்டைக் கொண்டுபோயி அது மேலதான் வைப்பே. அதுக்கு அடியில ஒளிஞ்சு விளையாடலாம்."

"டேபிள்!" என்று ஒண்ணாப்புப் பொடிசுகூடச் சொன்னது. சொல்லிவிட்டு அது என்னையே பார்த்தது. நான் "மேசை" என்று சொல்லும் வரை விடாது. இவர்களுக்கு இப்போது அதுதான் விளையாட்டு. அவர்கள் இங்கிலீஷ் பெயரைச் சொன்னால் நான் தமிழ்ப் பெயரைச் சொல்ல வேண்டும். நான் தடுமாறினால் பத்துப் பேர் வாயைக் குவித்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஆனால் ஒருத்தரும் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். கனிஷ்கா போட்ட சட்டமாம்.

மார்கழி 17, வியாழன்

இங்கிலீஷ் வருஷப் பிறப்பு. கேக் கொடுத்தார்கள். இனிப்பு அதிகம்.

குடையைச் சொன்னேன். "வெயில்ல தாத்தா கக்கத்துல ஒல்லியாப் படுத்திருக்கும். மழை வந்தா விரிஞ்சு குண்டாகும், நீ அடியில நிப்பே." அம்ப்ரெல்லா. ஏணி. "சுவத்துல சாஞ்சு நிக்கும், கம்பு கம்பா இருக்கும், ஒவ்வொரு கம்பா மிதிச்சு ஏறினா மாங்காய் பறிக்கலாம்." லேடர். பூட்டையும் சாவியையும் சேர்த்துச் சொன்னேன். "பெரியவன் கதவுல தொங்குவான், அப்பா வெளியூரு போனா வாயை இறுக்கமா மூடிக்குவான். சின்னவன் வந்து அவன் காதுக்குள்ள திரும்பினா வாயைத் திறப்பான்." லாக், கீ. பூங்கோதை, "இது கொஞ்சம் விடுகதைதான், ஆனா விடுறேன்" என்றாள்.

வார்த்தைகள் வருகின்றன. பிள்ளைகள் இங்கிலீஷில் கத்தியதும் தமிழ் வந்துவிடுகிறது. தனியாக உட்கார்ந்து பார்த்தால் வருவதில்லை. கட்டில் மட்டும் பிள்ளைகள் 'காட்' என்று தொண்டை கிழியக் கத்தினாலும் வருவதே இல்லை. பூங்கோதை எழுதும்போது மட்டும் அந்த வார்த்தை இந்தப் பக்கத்தில் வருகிறது. எனக்கு அது வேறு ஆள்.

கனிஷ்காவின் அப்பா இன்று வாசலில் நின்றுவிட்டுப் போனார். டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு மாற்றுவதாக இருந்தாராம். இங்கேயே இருக்கட்டும் என்கிறாராம். பூங்கோதை அதைச் சொன்னபோது குரலைச் சாதாரணமாகத்தான் வைத்திருந்தாள். ராத்திரிக்கு வடை சுட்டாள்.

மார்கழி 22, செவ்வாய்

அந்தத் தினகரன் வந்தான். கறுப்புக் கண்ணாடி, காதில் ஒரு கம்மல். களத்தைப் பார்க்க வந்தவன் என் வீட்டுக்கு ஏன் வர வேண்டும்?

"ஐயா, உங்க கேசட் கேட்டுத்தான் நான் மைக் பிடிக்கப் பழகினேன். இந்த வட்டாரத்து மாடெல்லாம் எனக்குத் தெரியாது. கொஞ்சம் சொல்லிக் குடுக்கணும்."

"சொன்னா எனக்கு என்ன குடுப்ப?"

"பரண்ல பக்கத்துலயே உக்காரலாம் ஐயா."

"என் பரண்ல எனக்கே இடம் குடுக்குறியா?"

அவனுக்கு முகம் விழுந்துவிட்டது. போடா என்றுதான் சொல்ல நினைத்தேன். காரையூர் மாடு இந்த வருஷம் வருகிறதாமே, அதன் தாத்தனைப் பற்றி இவனுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று ஆரம்பித்தேன். பிறகு கீரனூர்ச் செவலை. பிறகு கண்ணில் வெள்ளை விழுந்த அந்தக் கருப்பன், அது இடப்பக்கம்தான் திரும்பும், வலப்பக்கம் அதற்குத் தெரியாது, இதைப் பிடிக்கப் போகிற பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். அவன் போனில் அமுக்கி அமுக்கி ஏற்றிக்கொண்டான். விளக்கு வைத்து, சாப்பிட்டு, அவன் வண்டி எடுத்தபோது தெருவில் ஆள் இல்லை.

நேரத்தைக் கெடுத்துவிட்டான்.

மார்கழி 29, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் பொங்கல் வைத்தார்கள். பூங்கோதை நேற்றே, "மாமா, மைக்செட் வருது. பிள்ளைங்க விளையாட்டை எல்லார் முன்னாடியும் விளையாடணும்" என்றாள். மாட்டேன் என்றேன். மைக் என்றால் மறுபடி குடம் வரும். அவளிடம் காரணம் சொல்லவில்லை. முழங்கால் வலி என்று சொன்னேன்.

"சரி மாமா. அப்ப பிள்ளைங்கக்கிட்ட நீங்களே சொல்லிருங்க" என்று போய்விட்டாள். சொல்லப் போனேன். கனிஷ்கா புதுப் பாவாடையோடு நின்றது. சொல்லவில்லை.

மைக் கைக்கு வந்தது. அந்தக் குளிர்ந்த இரும்பு. அம்பலம் முன்வரிசையில் இருந்தார், அவரை யார் கூப்பிட்டது என்று எனக்குத் தெரியாது. பூங்கோதை தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறாள், அவளுக்குத் தெரிந்திருக்கலாம்.

சாமான் பெயரைத் தேடவே இல்லை. தேடினால்தானே தப்பு வரும். எப்படி இருக்கும், எங்கே இருக்கும், அதை வைத்து நாம் என்ன செய்வோம் என்று மட்டும் சொன்னேன். "காலையில எந்திரிச்சதும் உன் வாய்க்குள்ள போயிட்டு வருவான். தலையில முடி. வேப்பங்குச்சிக்குத் தம்பி." பிரஷ்! "சுவத்துல மாட்டியிருப்பான். அவன் முன்னாடி நின்னுதான் கனிஷ்கா பொட்டு வைக்கும். நீ சிரிச்சா அவனும் சிரிப்பான்." மிரர்! ஐந்தாறு ஆனதும் தாய்மார்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு கிழவி, "ஸ்பூனு!" என்று கத்திவிட்டு வெட்கப்பட்டு முந்தானையால் வாயைப் பொத்தினாள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் தமிழ்ப் பெயரை நான் சொல்லச் சொல்லக் கைதட்டு.

அம்பலம் பொங்கலை இலையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

மார்கழி 30, புதன்

அம்பலம் காலையிலேயே வந்தார். "அண்ணே, மாடுக தினகரன் சொல்லட்டும். பரிசுக நீங்க சொல்லுங்க. பிள்ளைங்களுக்குக் கேலரில தனி எடம் அடைச்சுத் தர்றேன்."

"கோயில் காளை?"

எங்கள் ஊரில் முதலில் வருவது அம்மன் கோயில் காளை. அதை யாரும் தொடக் கூடாது. மாடு பிடிக்க வரும் வெளியூர்ப் பிள்ளைகள் தெரியாமல் பாய்ந்துவிடாதபடி மைக்கில் சொன்ன பிறகுதான் வாடிவாசல் திறக்கும். அது நான் சொல்வது.

அவர் தரையைப் பார்த்தார். "அது தினகரனே சொல்லட்டும்ணே. அதுல தப்பு வந்துச்சுன்னா சாமிக் குத்தம். ஊரு தாங்காது."

"அப்ப எனக்குப் பரிசும் வேண்டாம். நீ கிளம்பு."

அவர் போன பிறகு பூங்கோதை என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு மாசமா அந்தப் பிள்ளைங்க உங்களுக்காகத் தொண்டைத் தண்ணி வத்தக் கத்திருக்குக. பாதி குடுத்தா வேண்டாம்பீங்களா? போங்க, முதல் நாற்காலியில மாலையோட உக்காருங்க. பொம்மை மாதிரி நல்லா இருக்கும்."

"வாயை அடக்கு."

"அடக்குறேன். நாளைக்குப் பிள்ளைங்க கேட்டா நீங்க பதில் சொல்லுங்க, நான் ஊருக்குப் போறேன்."

மத்தியானம் நான் செருப்பை மாட்டிக்கொண்டு அம்பலம் வீட்டுக்குப் போய், "பரிசு மட்டும் சொல்றேன்" என்றேன். வழியில் யாரும் எதிர்ப்படவில்லை. நல்லதாகப் போயிற்று.

தை 1, வியாழன்

பொங்கல் பொங்கியது. கிழக்குப் பக்கம்.

தை 4, ஞாயிறு

எழுது தாயி, மெதுவாகச் சொல்கிறேன். இன்றைக்கு எதையும் விடக்கூடாது.

விடிகிற நேரம் பரணில் ஏறினேன். கீழே தினகரன் என் பின்னால் கையை வைத்துக்கொண்டே ஏறினான், விழுந்தால் பிடிக்க. திரும்பி முறைத்தேன். ஜனம் தலை தலையாக மந்தை தாண்டி நின்றது. இடப்பக்கக் கேலரியில் கயிறு கட்டி அடைத்து, நடுவில் பூங்கோதை, சுற்றிலும் பிள்ளைகள். களத்தில் வெளியூர்ப் பிள்ளைகள் வாடிவாசலுக்கு இரண்டு பக்கமும் பதுங்கி நின்றார்கள். மூன்றில் ஒரு பங்கு முகம் எனக்குப் புதுசு.

உள்ளே அம்மன் காளைக்குப் பூசை முடிந்து மணி அடித்தது. தினகரன் மைக்கை எடுத்தான். ஊதிப் பார்த்தான். பிறகு என் கையில் வைத்துவிட்டான்.

"உங்க ஊரு சாமி மாடு ஐயா. நான் சொன்னா நல்லா இருக்காது."

"டேய், அம்பலம் உன்னைத்தான்..."

"அவரு என்னைய அடிச்சா நீங்க கேளுங்க."

கீழே அம்பலம் இரண்டு கையையும் ஆட்டுவது தெரிந்தது. வேண்டாம் என்கிறார். வாடிவாசலில் குறுக்குக் கட்டையை எடுக்க நிற்பவன் அவரைப் பார்க்கவில்லை. பழக்கத்தில் என்னைப் பார்த்தான்.

வாயைத் திறந்தேன். வார்த்தை இல்லை. நேற்று வரை இருந்தது, இன்று காலைகூட இருந்தது, அந்த நேரத்தில் அங்கே ஒன்றும் இல்லை. ஜனத்தின் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. முன்னால் பதுங்கி நின்ற ஒரு பையன் காலை மாற்றி வைத்தான், பாய்வதற்கு.

கேலரியைப் பார்த்தேன். பிள்ளைகள் வாயைக் குவித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒருத்தரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

சரி, தேட வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

"தம்பிகளா! இப்ப வர்றவன் எங்க ஊரு மூத்த பிள்ளை. கழுத்துல மஞ்சத் துணி, நெத்தியில குங்குமம். அம்மன் வாசல்ல படுத்திருப்பான். எவன் வயல்ல மேஞ்சாலும் எவனும் விரட்ட மாட்டான். மூக்குல கயிறு கிடையாது. அவனுக்குச் சொந்தக்காரன் யாரும் கிடையாது, நாங்கதான் அவனுக்குச் சொந்தம். அவன் மேல கையை வைக்காதே. அந்தக் கையை அப்படியே கூப்பு!"

பதுங்கி நின்ற அந்தப் பையன் நிமிர்ந்தான். இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினான். அவனைப் பார்த்து அடுத்தவன். களம் முழுக்கக் கைகள். கட்டை எடுத்தார்கள். அது மெதுவாக, ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தது மாதிரி நடந்து வந்தது. ஒரு சத்தம் இல்லை.

அந்த அமைதியில் கேலரியில் இருந்து ஒற்றைக் குரல், முன்பல் இல்லாத காற்றோடு: "டெம்பிள் புல்!"

"ஆமாடா! கோயில் காளை! எங்க கோயில் காளை!" என்று நான் மைக்கில் கத்தினேன். அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தில் பரண் ஆடியது. பெண்கள் குலவை போட்டார்கள். அம்பலம் கையை ஆட்டுவதை நிறுத்திவிட்டு அவரும் கும்பிட்டுக்கொண்டு நின்றார். இந்தக் காளை வருகையில் ஊர் இப்படி அடங்கி நின்றதை நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. எப்போதும் "கோயில் காளை, யாரும் தொடாதே" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த மாட்டுக்குப் போய்விடுவேன்.

பிறகு பரிசுகள். மூன்றாவது மாட்டுக்கு ரைஸ்மில் சுப்பையா. முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாட்டைப் பிடிச்சா! ரைஸ்மில் சுப்பையா குடுக்குறாரு! நாலு கால், ஒரு காலும் நகராது. தேக்கு மரம், தட்டினா சத்தம் கேக்கும். டவுன்ல இருந்து லாரியில வந்தவன். நாளெல்லாம் ஓடியாடி வந்தவனை, ஒண்ணும் கேக்காம, படுடா ராசான்னு முதுகுல வாங்கிக்குவான். தலைமாட்டுல மயிலு செதுக்கியிருக்கு!"

"காட்!" என்று பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் கேலரி. அதற்குப் பின்னால் மந்தையே. "காட்! காட்! காட்!" சுப்பையா எழுந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்துச் சுழற்றினார். நான் தமிழ்ப் பெயரைச் சொல்லாமல் நிற்பதைப் பார்த்து அவரே பரணை நோக்கிக் கத்தினார்.

"அண்ணே! கட்டிலுண்ணே! நான் சொல்லிட்டேன், நீங்க மேல போங்க!"

மாடு பிடிபடவில்லை. கட்டில் மாட்டுக்காரருக்குப் போனது. சுப்பையா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, இன்னும் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் பரணுக்குக் கீழே ஒரே கூட்டம். பாத்திரக்கடைக்காரர் ஓடி வந்தார். "அடைக்கலண்ணே, நம்ம அண்டாவைப் பேரு சொல்லிராதீங்க. விளக்கிச் சொல்லுங்க." வாளி கொடுத்தவர், "எனக்கும் அந்தக் கட்டிலுக்குச் சொன்ன அளவுக்கு நீளமாச் சொல்லணும்" என்றார். "உங்க வாளிக்கு அவ்வளவு சரக்கு இல்லையே" என்று தினகரன் சொன்னான். நான் சொன்னேன். கிணற்றில் குதித்து முங்கி நிறைந்து வருகிறவன் என்று வாளிக்கே தனிப் பாட்டுப் பாடினேன். பக்கெட் என்று மந்தை அதிர்ந்தது.

மத்தியானம் தினகரனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சாப்பிட்டு வருகிறேன் என்று இறங்கியவன் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான், மைக்கைக் கேட்கவில்லை. காரையூர் மாடு வந்தது. தாத்தனைப் போலவே வாசலில் நின்று முறைத்தது. நான் அதன் பரம்பரையையே சொன்னேன். கண்ணில் வெள்ளை விழுந்த கருப்பன் வருவதற்கு முன்னால் களத்தில் இடப்பக்கம் நின்ற மாடுபிடிப் பையன்களை நகர்ந்து நிற்கச் சொன்னேன். ஒருத்தனுக்கும் ஒரு கீறல் இல்லை. அம்பலம் ஒருமுறை ஏணியில் பாதி ஏறி வந்தார். மைக் யாரிடம் இருக்கிறது என்று பார்த்தார். ஒரு சோடாவை என் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

கடைசி மாடு போகும் வரை மைக் என் கையில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது பூங்கோதைக்கும் குரல் இல்லை. கத்திக் கத்திப் போய்விட்டது. இப்போது நான் பேசுகிறேன், அவள் தலையை மட்டும் ஆட்டுகிறாள். இப்படியே இருந்தால் நன்றாக இருக்கும் என்றேன். பேனாவால் கையில் குத்தினாள்.

தை 6, செவ்வாய்

காரையூர்க் கமிட்டிக்காரர்கள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்குப் பழத்தோடு வந்தார்கள். அவர்கள் ஊர் ஜல்லிக்கட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை. மைக்குக்கு நான் வேண்டும். பிள்ளைகளும் வேண்டுமாம், வேன் அனுப்புகிறார்களாம். அவர்கள் ஊர் டீச்சர் இப்போதே பிள்ளைகளுக்கு வாளியையும் அண்டாவையும் விளக்கிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாராம். எங்கள் பிள்ளைகளை ஜெயிக்க வேண்டுமாம்.

"ஜெயிச்சிருவாங்களா?" என்று கனிஷ்கா வாசலில் நின்று கேட்டது. "நான் அப்பாக்கிட்டச் சொல்லிட்டேன் தாத்தா. வேன்ல முன் சீட்டு எனக்குத்தான்."

வந்தவர்களில் மூத்தவர் பூங்கோதையிடம் மெதுவாகக் கேட்டார். "டீச்சரம்மா, ஐயா பரிசு மட்டும் சொல்றாரா, மாடும் சொல்றாரா? நோட்டீசுல போடணும்."

பூங்கோதை என்னைப் பார்த்தாள். இந்த ஒன்றரை மாதமும் எனக்குப் பதிலாகச் சாமான்களின் பெயரை எழுதிக்கொண்டே இருந்தவள், இதற்கு மட்டும் பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தாள்.

தாம்பாளத்தில் இருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டேன்.

"மாடும் நான்தான்" என்றேன்.